உள்ளே தள்ளி நின்ற வரி

ஜூன் 9, திங்கள்

பேச்சுப் பயிற்சி தரும் ஷிபானா, என் வீட்டுக்காரர் தினமும் என்னென்ன வார்த்தை சொல்கிறார் என்று தேதி போட்டு எழுதி வைக்கச் சொன்னாள். அதற்காகத்தான் இதைத் தொடங்குகிறேன். வேறு எதையும் எழுதும் எண்ணம் இல்லை.

இன்று சொன்ன வார்த்தை: ஆமா.

காபி வேணுமா என்றாலும் ஆமா, வேண்டாமா என்றாலும் ஆமா. ஃபேனைக் கூட்டவா, குறைக்கவா, இரண்டுக்கும் ஆமா. மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு வந்ததால் வலது கையும் காலும் போனதோடு பேச்சும் போய்விட்டது. "அவங்க மனசுல நினைக்கது ஒண்ணு, வாயில வாரது ஒண்ணு மைனி. நாம பேசுறது பாதிக்கு மேல அவங்களுக்குப் புரியும்" என்கிறாள் ஷிபானா. வாசிக்கவும் முடியவில்லை. காலையில் பேப்பரைக் கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

பாளையங்கோட்டையிலும் சுற்றுப்புறத்திலும் சில ரத்தப் பரிசோதனை லேப்களில் இவர் எழுதிய புரோகிராம் ஓடுகிறது. மெஷின் தரும் எண்ணை வாங்கி, அது யாருடைய ரத்தமோ அவர் பெயருக்கு நேரே போட்டு ரிப்போர்ட் அடித்துத் தரும். எழுதுவது இவர். லேபுக்குப் போய்ச் சொல்லிக்கொடுப்பது, போன் எடுப்பது, சமாதானம் சொல்வது நான்.

மதியம், அதில் ஒரு லேபை நடத்தும் டாக்டர் எஸ்தர் போனில் கூப்பிட்டார். இவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். ஒரு டீச்சருக்குப் பொட்டாசியம் ஆறு புள்ளி ஒன்பது என்று ரிப்போர்ட் போயிருக்கிறது. அவ்வளவு இருந்தால் நெஞ்சே நின்றுவிடலாம். பதறிப்போய்த் திரும்ப எடுத்துப் பார்த்தால் ஒன்றுமில்லை, சாதாரணம்.

"ரத்தம் இழுக்கையில சிவப்பணு உடைஞ்சா இப்பிடிக் கூட்டிக் காட்டும். அதாத்தான் இருக்கும். சும்மா உன் காதுலயும் போட்டு வைப்போம்னு கூப்பிட்டேன்" என்றார்.

அதாகத்தான் இருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

ஆமா. இட்லி ஒன்றரை. கால் வீக்கம் குறைந்திருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

காலையில் உடற்பயிற்சி சொல்லித் தருபவர் வந்து போன பிறகு இவரைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, இவருடைய கம்ப்யூட்டரைத் திறந்தேன். டாக்டர் சொன்னதற்காக இல்லை. சும்மாதான். எப்போதாவது ஒருநாள் நான்தானே பார்க்க வேண்டும்.

எல்லாம் ஒரே ஃபைல். உருட்ட உருட்டப் போய்க்கொண்டே இருக்கிறது. தகவலைப் போட்டு வைக்கும் இடங்களுக்கு வைத்த பெயர்களெல்லாம் டி, டிடி, டி1, புது டி, கடைசி டி, நிஜக் கடைசி டி. ஓரிடத்தில் 'டி' என்றால் நேரம், இன்னோரிடத்தில் ஆள். சில வரிகள் இடது ஓரத்தை ஒட்டி நிற்கின்றன. சில வரிகள் காரணமே இல்லாமல் பாதித் திரைக்கு அப்பால் போய் நிற்கின்றன.

கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் நான் வேலை பார்த்த இடத்தில் இப்படி எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாளைக்கு வருகிறவன் உன்னைக் கேட்காமலே படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்பார்கள். அதை இவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "ஒழுங்கா ஒரு பேரு வச்சா என்ன? பின்னால யாராவது பாக்கணும்னா?"

"யாரு பாக்கப் போறா? நான்தான் இருக்கேன்லா" என்பார்.

இவர் யோசிக்க எழுந்து போகும்போதெல்லாம் எண்டர் விசையைப் பத்துத் தடவை தட்டிவிட்டுத்தான் போவார். அந்தக் காலி இடங்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. எங்கே நின்றார், எங்கே திரும்ப வந்தார் என்று பார்த்துக்கொண்டே வரலாம். ஒரு காலி இடத்துக்குக் கீழே, புரோகிராமுக்குச் சம்பந்தமில்லாத குறிப்பாக இப்படி எழுதியிருக்கிறது: 'வடிவு திட்டுவா. பேரை அப்புறம் மாத்தணும்.'

டாக்டர் எஸ்தர் லேபில் ஏப்ரலில் புது மெஷின் வந்தது. எல்லை மீறிய எண் வந்தால், அதே ரத்தத்தை அதுவாகவே இன்னொரு தடவை ஓட்டிச் சரிபார்த்துக்கொள்ளும். அதற்காக இவர் கொஞ்சம் புதிதாக எழுதிச் சேர்த்தார். இவர் விழுவதற்கு முந்தின வாரம். அந்தப் பகுதியை மட்டும் படித்தேன். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கிறது.

இன்று சொன்னது: ஆமா.

ஜூன் 14, சனி

டாக்டர் எஸ்தர் வீட்டுக்கே வந்துவிட்டார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். இவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "நம்பி, நல்லா இருக்கியளா?" என்று கேட்டார். இவர் சிரித்து, "ஆமா" என்றார். முதல் தடவையாக ஒரு கேள்விக்குச் சரியான பதில் மாதிரி இருந்தது.

வாசலுக்கு வந்த பிறகுதான் சொன்னார். ஒரு காலேஜ் பையனுக்குச் சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு என்று போயிருக்கிறது. திரும்ப எடுத்தால் தொண்ணூறு.

"பொட்டாசியம்னா ரத்தம் உடைஞ்சிருக்கும்னு சொல்லிருவேன். சர்க்கரைக்கு என்ன சொல்ல? வடிவு, இது நம்ம புரோகிராம்தான்னு நினைக்கேன்."

பார்க்கிறேன் என்றேன். செருப்பைப் போட்டுக்கொண்டே, "அவரால ஒண்ணும் சொல்ல முடியாதுல்லா?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா, தனக்குத்தானே சொன்னாரா தெரியவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

இவர் நாற்காலியைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டேன். வாசிக்க முடியாது, கேட்டால் புரியலாம். ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்தேன்.

"ஏங்க, இந்த டி நேரமா, ஆளா?"

"ஆமா."

"நேரமா?"

"ஆமா."

"அப்ப ஆளு இல்லையா?"

"ஆமா."

பத்துப் பதினைந்து கேள்வி கேட்டிருப்பேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி, அக்கறையோடு, எனக்கு உதவ வேண்டும் என்ற முகத்தோடு அதே பதில். கடைசியில், "ஆமான்னா எதுக்கு ஆமா?" என்று கத்திவிட்டேன். இவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தார். உதடு ஏதேதோ வடிவத்துக்குப் போய்ப் போய்த் திரும்பியது. பிறகு மெதுவாக, குற்றம் செய்தவரைப் போல, மறுபடியும் அதையே சொன்னார்.

சாயங்காலம் பால்சோறு பிசைந்து கொடுத்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

கிருபாகரனுக்குப் போன் போட்டேன். இவரோடு முன்பு சென்னையில் ஒன்றாக வேலை பார்த்தவர், இப்போதும் அங்கேதான். கோடிங்கை அனுப்பி வைத்தேன். சாப்பாட்டு இடைவேளையில் திருப்பிக் கூப்பிட்டார்.

"மைனி, இத மனுசன் வாசிக்க முடியாது. அண்ணன் மட்டுந்தான் வாசிப்பாரு. மொதல்ல ஃபார்மேட்டர்ல போட்டு ஓட்டுங்க. எல்லா வரியும் அதது இருக்க வேண்டிய இடத்துல வந்து உக்காந்துரும். எது எதுக்குள்ள இருக்குன்னு தெரியும். அப்புறமா பேரையெல்லாம் மாத்தலாம்."

"ஓட்டுனா ஏதாவது உடைஞ்சிரும்லா?"

"உடையாது மைனி. இடத்தத்தான் மாத்தும், வேலைய மாத்தாது. உங்களுக்குத் தெரியாததா? அப்பிடியே பயமா இருந்தா ஒரு காப்பி எடுத்து வச்சிட்டு ஓட்டுங்க."

சரி என்றேன். இன்று ஓட்டவில்லை. முதலில் இவர் எழுதியபடியே ஒரு தடவை முழுதாகப் படித்துவிடுவதுதான் முறை. எழுதியவருடைய போக்கு புரியாமல் எதையும் கலைக்கக் கூடாது.

போனை வைக்கும்போது கிருபாகரன் இன்னொன்று கேட்டார். "அந்தப் பையனுக்குத் தப்பா வந்துச்சே நானூத்தி சொச்சம், அத மெஷினு சும்மா உண்டாக்காதுல்லா மைனி. அது யாரோடது?"

எனக்குத் தெரியவில்லை. இவருக்கு மாத்திரை கொடுக்க நேரமாகிவிட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஜூன் 18, புதன்

டாக்டர் எஸ்தர் கூப்பிட்டார். "வடிவு, பேசாம கம்ப்யூட்டர நிறுத்திட்டு கையால எழுதிக் குடுக்கட்டுமா? காலையில கூட்டம் தாங்காது, பிள்ளைக திண்டாடும். பரவால்ல. நீ ஒரு வார்த்த சொன்னா நிறுத்திருதேன்."

கையால் எழுதினால் தப்பு இன்னும் கூடத்தான் செய்யும். அதைத்தான் சொன்னேன்.

"அப்ப என்ன செய்ய?"

"ரெண்டு நாள் குடுங்க டாக்டர். பிடிச்சிருவேன்."

"உறுதியாவா?"

"அவங்க பக்கத்துலதான இருக்காங்க."

"சரிம்மா" என்றார்.

இந்த லேபில் நிறுத்தினால் மற்ற லேபுக்கெல்லாம் பேச்சுப் போகும். ஒவ்வொருவராக வேறு கம்பெனிக்கு மாறுவார்கள். அதற்குப் பிறகு இந்தக் கம்ப்யூட்டரைத் திறக்கவே ஒரு காரணம் இருக்காது.

ஜூன் 19, வியாழன்

காலையிலிருந்து இவருக்கு வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தேன். ரிப்போர்ட் அடிக்கும் பகுதியில், இரண்டாவது தாளுக்குத் தலைப்புப் போடும் இடம். திடீரென்று இவர் இடது கையால் நாற்காலிக் கைப்பிடியைத் தட்டினார்.

நிறுத்தினேன். அதே வரியை மறுபடி வாசித்தேன். மறுபடி தட்டினார், பலமாக.

"இதுவா? இந்த எடமா?"

"ஆமா." தட்டினார். "ஆமா. ஆமா."

இந்த மனிதர் உள்ளே முழுதாக இருக்கிறார், எல்லாம் தெரிகிறது, வழிதான் அடைந்திருக்கிறது என்று நினைத்தேன். அந்த வரிகளைத் தாளில் எழுதி, ஒவ்வொன்றும் என்ன செய்கிறது என்று கோடு போட்டுப் பார்த்தேன். முன்னும் பின்னும் போனேன். இவர் தட்டிக்கொண்டே இருந்தார். "பாத்துட்டேங்க, இருங்க, பாக்கேன்" என்றேன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகு தட்டுவது நின்றது. நாற்காலிக்குக் கீழே ஈரம் பரவி என் காலுக்கு வந்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன்.

இவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துடைத்து, வேட்டி மாற்றி, கட்டிலில் படுக்க வைத்தேன். தாளுக்குத் தலைப்புப் போடும் இடத்தில் தப்பு ஒன்றுமே இல்லை.

ஜூன் 20, வெள்ளி

கிடைக்கவில்லை. திங்கள் வரைக்கும் நேரம் கேட்டேன். டாக்டர் சரி என்றார்.

ஆமா.

ஜூன் 22, ஞாயிறு

இன்று கோடிங்கைத் தொடவில்லை. காற்று நன்றாக அடித்தது. இவரை வெளி வராந்தாவுக்குக் கொண்டுவந்து முகம் மழித்துவிட்டேன். வலது கன்னம் தொய்ந்துபோய், இழுத்துப் பிடித்தால்தான் பிளேடு போகிறது. எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளிப்பாட்டினேன். எதிர்வீட்டு மரகதம் அவியல் கொண்டுவந்து தந்தாள்.

சாயங்காலம், நான் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தபோது, இவர் "வ" என்றார்.

தெளிவாகக் கேட்டது. "என்னது? இன்னொரு தடவ சொல்லுங்க" என்றேன். முகம் சிவக்க முயற்சி செய்தார். "வ" மட்டும் இன்னொரு தடவை வந்தது. வடிவா, வலியா, வயிறா தெரியாது. உடனே ஷிபானாவுக்குச் செய்தி அனுப்பினேன். கைதட்டும் படம் அனுப்பியிருந்தாள்.

இன்று சொன்ன வார்த்தைகள்: ஆமா. வ.

நல்ல நாள்.

ஜூன் 23, திங்கள்

டாக்டர் எஸ்தர் காலையிலேயே கூப்பிட்டார். குரலில் இருந்தே தெரிந்தது. சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறேன்.

"சுடலைமணின்னு ஒருத்தர். ஆட்டோ ஓட்டுதாரு. ரெண்டு கிட்னியும் போயி, டயாலிசிஸ்ல இருக்கவரு. வெள்ளிக்கெழம நம்மகிட்ட ரத்தம் குடுத்திருக்காரு. பொட்டாசியம் நாலு புள்ளி ரெண்டுன்னு ரிப்போர்ட்டு போயிருக்கு. டயாலிசிஸ் பண்ற இடத்துல அன்னைக்கி ஒரு மெஷினு பழுது. இவருக்குத்தான் எல்லாம் சரியா இருக்கேன்னு திங்கக்கெழமைக்கு மாத்தி விட்டுட்டாங்க. நேத்து சாயங்காலம் வீட்ல விழுந்துட்டாரு. நெஞ்சு நின்னு போயி, திரும்பக் கொண்டாந்துருக்காங்க. தொண்டையில குழாய் போட்டு வச்சிருக்காங்க. நெனவு இல்ல. அங்க எடுத்துப் பாத்தப்ப பொட்டாசியம் எட்டு."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"வெள்ளிக்கெழம ஒரு அம்மாவுக்கு ஏழு புள்ளி மூணுன்னு போயிருந்துச்சு வடிவு. அவங்க பயந்துக்கிட்டு அன்னைக்கே வந்து திரும்பக் குடுத்துட்டுப் போனாங்க. சரியா இருந்துச்சு. நாங்களும் அதோட விட்டுட்டோம். அந்த ஏழு புள்ளி மூணு இவரோடது."

கிருபாகரன் கேட்டது அதைத்தான். ஒருவருக்குத் தப்பாகக் கூடுதல் எண் போகிறது என்றால், அந்த எண்ணுக்கு உரியவருக்கு நல்ல எண் போகிறது. கூடுதலாக வந்தவர் பயந்து ஓடி வந்துவிடுவார். மற்றவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார்.

"நிறுத்திட்டேன்" என்றார் டாக்டர். "உன்ன ஒண்ணும் சொல்லல. நானும்தான் சரின்னேன்."

வெள்ளி என்பது இருபதாம் தேதி.

இவருக்குக் கஞ்சி கொடுத்தேன். குடித்தார். நான் குடிக்கவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் இவர் தூங்கிக்கொண்டிருக்கும்போது ஃபைலைத் திறந்தேன். காப்பி எடுத்து வைத்தேன். மேலிருந்து கீழ்வரை ஒருதரம் உருட்டிப் பார்த்தேன், இவர் எழுந்து எழுந்து போன இடங்களையெல்லாம். பிறகு ஃபார்மேட்டரை ஓட்டினேன்.

கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. வரிகளெல்லாம் அசைந்து போய் வரிசையில் நின்றன. காலி இடங்கள் மூடிக்கொண்டன. இதை இப்போது யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

புதிதாகச் சேர்த்த பகுதிக்குப் போனேன். ஏற்கெனவே எத்தனையோ தடவை படித்த இடம். இவர் எழுதியிருந்தது இதுதான்: மெஷின் ஒரு ரத்தத்தை இரண்டாவது தடவை ஓட்டுவதாக இருந்தால், அந்த ஆளின் பதிவு எண்ணைத் தனியாகப் பிடித்து வை. இரண்டாவது முடிவு வந்தால், திரையில் அறிவிப்புக் காட்டு. பிடித்து வைத்த எண்ணுக்கு அந்த முடிவைப் போடு. 'இரண்டாவது முடிவு வந்தால்' என்பதற்குக் கீழே நேற்று வரை அந்த இரண்டு வரியும் உள்தள்ளி, ஒன்றன்கீழ் ஒன்றாக, அழகாக நின்றன. இந்த ஃபைலிலேயே ஒழுங்காக உள்தள்ளி எழுதியிருந்த சில இடங்களில் அதுவும் ஒன்று. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் கடந்து போனேன்.

இந்தப் புரோகிராம் மொழிக்கு உள்தள்ளுவதெல்லாம் கணக்கில் கிடையாது. இரண்டு வரியையும் சேர்த்து அடைப்புக்குறிக்குள் போட்டால்தான் இரண்டும் அந்த நிபந்தனைக்குக் கட்டுப்படும். போடாவிட்டால் முதல் வரி மட்டும்தான். இவர் அடைப்புக்குறி போடவில்லை.

ஃபார்மேட்டர் அந்த இரண்டாவது வரியை இடது பக்கம் இழுத்துத் தனியாக நிறுத்தியிருந்தது.

அப்படியென்றால் அது எப்போதும் ஓடுகிறது, யார் ரத்தம் வந்தாலும். சாதாரண நேரத்தில் பிடித்து வைத்த எண் எதுவும் இருக்காது, அதனால் ஒன்றும் ஆகாது. மெஷின் யாரையாவது இரண்டாவது தடவை ஓட்டப் போகும்போது மட்டும் ஓர் எண் பிடியில் இருக்கும். அடுத்து வருகிற ஆளின் முடிவு அந்தப் பதிவு எண்ணில் போய் உட்காரும். இரண்டாவது முடிவு வரும்போது அதற்கு உரிய இடம் இருக்காது. முடிவு வராமல் காலியாக நிற்கும் அந்த அடுத்த ஆளின் பெயரில் போய் விழும்.

மெஷின் இரண்டாவது தடவை ஓட்டுவது எல்லை மீறிய எண்களை மட்டும்தான். அதாவது, ஆபத்தில் இருப்பவர்களுடையது மட்டும்தான் இடம் மாறியது.

கிருபாகரன் முதலில் சொன்ன அன்றே ஓட்டியிருந்தால் பதினேழாம் தேதி. ஓட்டாததற்குக் காரணம் எழுதியிருக்கிறேன் என்று நினைக்கிறேன். பின்னால் புரட்டிப் பார்க்கவில்லை.

இவர் எழுந்துவிட்டார். கூப்பிடுகிறார், அந்த ஒரே வார்த்தையில்.

ஜூன் 25, புதன்

அடைப்புக்குறி போட்டேன். பழைய நாட்களின் எண்களை வைத்து ஓட்டிப் பார்த்தேன். டீச்சர், காலேஜ் பையன், வெள்ளிக்கிழமை அம்மா எல்லாரும் சரியாக வந்தார்கள். சுடலைமணி, ஏழு புள்ளி மூன்று. சரியாக வந்தது.

டாக்டரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு, "வேற கம்பெனிக்காரங்க நாளைக்கு வாராங்க வடிவு. கோச்சுக்கிடாத. நீ சரி பண்ணிட்டன்னு நான் நம்புதேன். ஆனா இனி அந்த ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட எனக்குத் தைரியம் இல்ல" என்றார்.

"சரி டாக்டர்."

"சுடலைமணி வீட்ல இன்னும் யாருக்கும் தெரியாது. விதின்னு இருக்காங்க. நான் போயிச் சொல்லணும். சனிக்கெழம போறேன். நீ வரணும்னு இல்ல."

வருகிறேன் என்றேன்.

மற்ற லேப்களில் பழைய மெஷின்தான், இந்தச் சிக்கல் வராது. இருந்தாலும் எல்லாருக்கும் போன் போட்டு, நடந்ததை மறைக்காமல் சொன்னேன். இரண்டு பேர் உடனே நிறுத்திக்கொள்கிறோம் என்றார்கள். ஒருவர், நம்பி சார் எப்படி இருக்கிறார் என்று மட்டும் கேட்டார்.

ஜூன் 26, வியாழன்

இவரிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாற்காலியைப் பக்கத்தில் போட்டு, திரையைக் காட்டி, விரலால் தொட்டு, "இந்த வரி. இது உள்ள இருக்குன்னு நினைச்சிட்டிய. வெளிய நிக்கி. அடைப்புப் போடல" என்றேன். மெதுவாக இரண்டு தடவை சொன்னேன்.

இவர் திரையைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கித் தன் நெற்றியில் அடித்துக்கொண்டார். ஒரு தடவை, இன்னொரு தடவை. மூன்றாவது தடவை கையைப் பிடித்துக்கொண்டேன். நல்ல பலம் இருந்தது அந்தக் கையில்.

புரிந்துதான் செய்தாரா, இல்லை வெறும் கை அசைவா என்று ஷிபானாவிடம் கேட்க வேண்டும்.

சுடலைமணியைப் பற்றிச் சொல்லவில்லை.

இன்று ஒன்றும் பேசவில்லை.

ஜூன் 28, சனி

மரகதத்தை இவருக்குத் துணையாக வைத்துவிட்டுப் போனேன். டாக்டர் எஸ்தர் காரிலேயே போனோம்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே தாழ்வாரத்தில் சுடலைமணியின் மனைவி தரையில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார். பேச்சியம்மாள். என் வயதுதான் இருக்கும். டாக்டர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளிக்கிழமை வந்த ரிப்போர்ட் தப்பு என்று, சரியாக வந்திருந்தால் அன்றே டயாலிசிஸ் செய்திருப்பார்கள் என்று. பேச்சியம்மாள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். பிறகு டாக்டர் உள்ளே இருக்கும் டாக்டரைப் பார்க்கப் போய்விட்டார். நாங்கள் இரண்டு பேரும் இருந்தோம்.

"யக்கா, டாக்டரம்மா சொன்னது எனக்குப் பாதிதான் வெளங்குது" என்றார். "இவிய ரத்தத்த ஆளு மாத்திப் போட்டுட்டாங்களா?"

"ரத்தத்த இல்லம்மா. அதப் பாத்து மெஷினு சொன்ன நம்பர. இவங்க நம்பர் வேற ஒருத்தருக்குப் போயிட்டு, அவங்களது இவங்களுக்கு வந்துட்டு."

"யாரு மாத்துனா?"

"யாரும் வேணும்னு மாத்தல. கம்ப்யூட்டர்ல ஓடுற புரோகிராம். எங்க வீட்ல எழுதுனது. அதுல தப்பு இருக்குன்னு எனக்கு முன்னாலயே தெரியும். நிறுத்தவான்னு கேட்டாங்க. நான்தான் வேண்டாம், ரெண்டு நாள் குடுங்கன்னு சொன்னேன். அந்த ரெண்டு நாளைக்குள்ளதான் இவங்க வந்து ரத்தம் குடுத்திருக்காங்க."

பேச்சியம்மாள் என் முகத்தை நேராகப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தால்கூட அசையாமல் இருக்க வேண்டும் என்றுதான் காரில் நினைத்துக்கொண்டு வந்தேன்.

"எழுதுனது உங்க வீட்டுக்காரவியளா?"

"ஆமா."

"அவிய வரலையோ?"

"அவங்களுக்குப் பக்கவாதம். நடக்க முடியாது. பேச்சும் வராது."

அவர் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டார். எதிரே ஒரு குடும்பம் பிளாஸ்டிக் டப்பாவில் எலுமிச்சைச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். போகச் சொன்னால் போகலாம், இருக்கச் சொன்னால் இருக்கலாம். அவர் இரண்டும் சொல்லவில்லை.

பார்வை நேரத்துக்கு மணி அடித்தது. கதவைத் திறந்து, ஒருவர்தான் வரலாம், பை கொண்டுவரக் கூடாது என்று நர்ஸ் சொன்னார். பேச்சியம்மாள் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டார். வைக்க இடம் தேடி இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு பையை என்னிடம் நீட்டினார்.

"இதக் கொஞ்சம் பிடிங்க."

வாங்கிக்கொண்டேன். வெந்நீர்ப் பிளாஸ்க், ஒரு துண்டு, மடித்து வைத்த காக்கிச் சட்டை. சட்டையின் பொத்தான்கள் பிய்ந்திருந்தன. நெஞ்சை அழுத்துவதற்காக அவசரத்தில் கிழித்துத் திறந்திருப்பார்கள்.

அவர் திரும்பி வந்தபோது பையைக் கேட்கவில்லை. என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கண்ணு தொறக்கல" என்றார். "பேரச் சொல்லிக் கூப்புட்டுப் பாத்தேன். கேக்குதா கேக்கலையான்னே தெரியல யக்கா."

டாக்டர் எஸ்தர் தாழ்வாரத்தின் அந்தக் கோடியில் நின்று, போகலாமா என்று கையால் கேட்டார். வீட்டில் இவரை மரகதத்தால் தனியாகத் தூக்கி உட்கார வைக்க முடியாது, மாத்திரை நேரமும் தாண்டிவிட்டது. பேச்சியம்மாளின் தலை மெல்லச் சரிந்து என் தோளில் படிந்திருந்தது. அழுகிறாரா தூங்குகிறாரா என்று தெரியவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு, டாக்டருக்கு என்ன பதில் காட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.